தேதிகளைக் காத்தவன்

“பாட்டு எப்பப் பொறந்துச்சுன்னு இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டது. மயிலாப்பூரில் எங்கள் சங்கீதப் பள்ளி அலுவலகத்தில், என் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டது. எட்டு வயது இருக்கும். அப்பா உள்ளே சேர்க்கைக்காகக் காத்து நின்றார். குழந்தைகள் கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும் என்பது என் வழக்கம். ஒவ்வொரு ஃபைலும் தான் எழுதி முடிந்த நேரத்தைத் தன்னோடு வைத்திருக்கும், அதை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று சொன்னேன்.

“கெடுத்துட்டா?” என்றாள்.

“கெடுக்க மாட்டோம்” என்றேன். டப்பாவைத் திறந்து ஒரு கல்கண்டு கொடுத்தேன்.

அந்தக் குழந்தைதான் மதுமதி.

அதீபா மேடம், நேற்று அடையாற்றில் உங்கள் அலுவலகத்துக்கு என்னை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். மதுமதியின் புகாரை முன்பு விசாரித்த குழுவிடம் நான் ஒலிப்பதிவுகளைக் கொடுத்தேன். அவற்றின் மூலப் பதிவு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்பது கேள்வி. நான் அவகாசம் கேட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. டீ வரவழைத்தீர்கள். “நிதானமா எழுதிக் கொடுங்க சார், நாளைக்கு வந்தாப் போதும்” என்றீர்கள். இந்தக் காலத்தில் வக்கீல்கள் அப்படிப் பேசுவது அபூர்வம். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் ராகவேந்திரன். பள்ளியில் எல்லோருக்கும் அம்பி மாமா. வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றதிலிருந்து பள்ளியின் ஒலிப்பதிவுகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. காலையில் கபாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டுத்தான் அலுவலகத்தைத் திறப்பேன். வழியில் பூக்காரிக்கு ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பேன். மழை நாளில் அலுவலகத்தில் உபரியாக நாலைந்து குடைகள் வைத்திருப்பேன். எடுத்துப் போகிறவர்கள் திருப்பித் தராவிட்டாலும் கேட்க மாட்டேன். உலகம் இந்த மாதிரிச் சின்ன உதவிகளால்தான் ஓடுகிறது என்று நம்புகிறவன் நான். பெரிய நியாயங்களை எல்லாம் மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பையும் போனில் பதிவு செய்வார்கள். பதிவு முடிந்ததும் அது தானாகவே இணையத்தில் பள்ளி வாடகைக்கு எடுத்திருந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பதிவுக்குப் பெயர் வைப்பதில் நான் ஒரு விதி போட்டிருந்தேன். ராகத்தின் பெயரும் உருப்படியின் பெயரும் மட்டும் எழுதினால் போதும், தேதி எழுதக் கூடாது. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மனிதர்கள் தேதியைத் தப்பாக எழுதுவார்கள், வேண்டுமென்றே மாற்றியும் எழுதுவார்கள். ஃபைல் தானாகச் சுமக்கிற தேதி பொய் சொல்லாது. எந்தப் பாட்டு எந்த நாளில் எத்தனை மணிக்கு முடிந்தது என்று என்னைக் கேட்டால் கிடைக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கொஞ்சம் கர்வம் என்றுகூடச் சொல்லலாம்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அந்த இணைய நிறுவனம் கடையை மூடப்போவதாக அறிவித்தது. எல்லாப் பதிவுகளையும் மூட்டையாகக் கட்டித் தருகிறோம், இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. அதை ஜிப் என்பார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மூட்டை. லஸ் முனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபராஸ்தான் வந்து பிரிக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்.

“மாமா, மூட்டையப் பிரிக்கச்சொல்ல இந்தக் கட்டத்துல டிக் கீதா பாரு. கீதுன்னா பழைய டேட்டு அப்படியே வரும். இல்லாங்காட்டி அல்லாமே இன்னிக்கிப் பொறந்த மாதிரி ஆயிடும்.”

“அப்படி ஆயிடுத்துன்னா திருப்ப முடியாதா?”

“மூட்டை கைல கீற வரைக்கும் இன்னா பயம்? இன்னொரு தபா பிரிச்சிக்க வேண்டியதுதான். மூட்டையும் பூட்ச்சுன்னா, நீ குளத்தாண்ட போய் உக்காந்துக்கினு அழ வேண்டியதுதான் நைனா.”

என்னைவிட முப்பது வயது சின்னவர் என்னை நைனா என்றதில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் குடை கொடுத்தனுப்பினேன். அன்று மழைகூட இல்லை, வெயிலுக்கு.

அந்தக் கட்டத்தில் டிக் போட்டுத்தான் எல்லா மாணவர்களின் பதிவுகளையும் பிரித்தேன். ஒருவருடையதைத் தவிர.

மதுமதியின் அப்பா கதிரேசன் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்பவர். குடும்பம் தென்காசிப் பக்கம். கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயதில், பள்ளியின் தலைமை வித்வான் ஸ்ரீனிவாசராகவன் சார் அவளைத் தன் தனி வகுப்பில் சேர்த்துக்கொண்டபோது பள்ளியில் பலருக்கு வருத்தம். நான் மட்டும் அவளிடம் போய், “உன் தகுதிக்குக் கிடைச்சிருக்கும்மா” என்றேன். அந்த வார்த்தைகூட ஒரு சின்ன உதவிதான்.

சாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அனன்யா என்ற பெண் அவர்மேல் புகார் கொடுத்திருப்பதால்தான் நீங்கள் இந்த விசாரணையை நடத்துகிறீர்கள். ஆனால் எங்கள் பள்ளி என்பதே அவர்தான். டிசம்பர் சீசனில் அவர் மேடையேறினால் வெளியே கார்கள் நிற்க இடம் இருக்காது. அவரைப் பார்த்துத்தான் நன்கொடை வந்தது. எங்கள் எல்லோருடைய சம்பளமும் வந்தது.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுலோச்சனாவுக்கு நுரையீரலில் நோய். பதிவுகளை இறக்குவதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டாக்டர்கள் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுமதி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாமிக்குப் பாடலாமா என்று கேட்டாள். அதன் பிறகு எல்லா வெள்ளியும் வந்தாள். மற்ற நாட்களில் மாமி கேட்கட்டும் என்று போனைக் கட்டிலருகில் வைத்துப் பதிவும் செய்தாள். சுலோச்சனா மூச்சு வாங்குவதை மறந்து கேட்பாள். “ஏன்னா, இந்தப் பொண்ணு பாடினா மட்டும் இருமல் வெளில போய் நின்னுக்கறது” என்பாள்.

நான் சாரைப் பார்த்து நன்றி சொன்னேன். அவர்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய மாணவி வேறு எப்படி வருவாள்? அவர் என் தோளில் கையை வைத்து, “நம்ம குழந்தைகள் அப்படித்தான் அம்பி. நான் வளர்த்த விதம்” என்றார். எனக்குக் கண் கலங்கியது. இந்தக் கடனை எப்படி அடைப்பேன் என்று அன்று இரவு சுவாமி படத்தின் முன் நின்று கேட்டேன்.

சுலோச்சனா கார்த்திகைக் கடைசியில் போனாள். அடுத்து வந்த பெருமழையில் ஆறு ஏறி மதுமதியின் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் போன் தண்ணீரோடு போயிற்று. தை மாதம் அவள் பள்ளிக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். புரட்டாசியில் ஒரு நாள், தனி வகுப்பில், சார் தன்னிடம் தவறாக நடந்தார், போன் பதிவாகிக்கொண்டிருந்தது, அந்தப் பதிவு பள்ளியின் இணைய இடத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

பள்ளி மூன்று பேர் கொண்ட குழுவைப் போட்டது. அந்தப் பதிவை அவர்கள் முன் ஒலிக்கவிட்டோம். முதலில் ஒரு கல்யாணி ராகம். பிறகு தம்பூரா மட்டும் ஓடுகிறது. நடுவில் அவள் குரல், “சார், கையை எடுங்க.” பிறகு இன்னொரு முறை. பிறகு ஒரு நாற்காலி விழுகிற சத்தம். அவர் குரல் மிகவும் சாந்தமாக இருந்தது.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இப்போல்லாம் கம்ப்யூட்டர்ல யார் குரலை வேணும்னாலும் செஞ்சுடறா. நாளைக்கு என்னைக் குத்துப்பாட்டு பாடவெச்சாலும் வெப்பா. இந்தப் பொண்ணு ஆடியிலேயே வகுப்புக்கு வரதை நிறுத்திட்டா. மேடை கொடுக்கலைன்னு கோபம்.”

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை. அவர் என் பக்கம் திரும்பினார். “தேதியே பேசட்டுமே. அம்பி, பதிவெல்லாம் நீங்கதானே வெச்சிண்டிருக்கேள்? புரட்டாசித் தேதி இருந்தா அது வகுப்புல எடுத்தது. புகாருக்கு அப்புறம்னா செஞ்சது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்” என்றேன்.

மதுமதி முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அம்பி மாமாகிட்ட இருந்தா தேதி சரியா இருக்கும்” என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அதை நான் கவனித்தேன்.

மறுநாள் கதிரேசன் அலுவலகத்துக்கு வந்தார். கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஐயா, அவ பொய் சொல்லுத பிள்ளை இல்ல. ஊருல எல்லாரும் ஒரு மாதிரி பேசுதாங்க. கடையிலகூட, பாட்டு வாத்தியார்மேலயே கேஸ் போட்ட பொண்ணா உம்ம மகள்னு சிரிக்கானுவ. தேதி உங்ககிட்ட இருக்காம்லா. அதை மட்டும் காட்டிருங்க ஐயா. வேற ஒண்ணும் வேண்டாம். அவ மறுபடி பாடுவா.”

“கவலைப்படாதீங்கோ” என்றேன். காலையில் கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் இருந்தது. அதை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் அவளுடைய மூட்டையைத் திறந்து பார்த்தேன். பிரிக்காமலே உள்ளே இருக்கும் ஃபைல்களின் தேதிகள் தெரியும். அந்தக் கல்யாணியின் தேதி புரட்டாசியில்தான் இருந்தது. அவள் சொன்ன நாள், அவள் சொன்ன நேரம்.

அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவியின் அம்மா என்னிடம் வந்து அழுதிருக்கிறார். அவரிடமும் ஆறுதலாகத்தான் பேசினேன். பெண்ணுக்கு ஜாதகம் எடுத்திருக்கும் நேரத்தில் இதெல்லாம் வெளியே போகலாமா என்று கேட்டேன். அவர் என்னைக் கைகூப்பி வணங்கிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நேரில் போய் ஆசீர்வாதம் செய்தேன்.

மதுமதியின் மூட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிறைய யோசித்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடும். இல்லை. சாருடைய மனைவி வெள்ளிக்கிழமைகளில் சுமங்கலிப் பெண்களுக்கு மஞ்சள் கொடுப்பவர். பள்ளியில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் முந்நூறு பேர். மதுமதி சின்னப் பெண். தோற்றால் இரண்டு மாதம் அழுவாள், பிறகு மறப்பாள். ஜெயித்தால் வாழ்நாள் முழுவதும் அந்தப் பதிவோடுதான் அவள் பெயர் சேர்ந்திருக்கும். என் சுலோச்சனாவின் கடைசி நாட்களை இனிமையாக்கியவர் ஒருவர் இருக்கிறார். இவ்வளவுதான் யோசித்தேன்.

கட்டத்தில் டிக் இருந்தது. அதை எடுத்தேன். மூட்டையைப் பிரித்தேன்.

நான் எந்தத் தேதியையும் மாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பாற்றவில்லை, அவ்வளவுதான். ஒரு குழாயைத் திறந்துவிடுவது வேறு, சொட்டுகிற குழாயை மூடாமல் நடந்துபோவது வேறு என்று அன்று எனக்குத் தோன்றியது.

குழு மறுபடி கூடியது. பென்டிரைவைச் சொருகினார்கள். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“என்ன இது, எல்லாம் ஒரே நாள்? ஒரே மணி?”

“புகார் கொடுத்ததுக்கு அப்புறம்” என்றார் இன்னொரு உறுப்பினர்.

சார் விரலால் மேஜையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்பி, நீங்க ஏதாவது மாத்தினேளா?”

“நான் எதையும் மாத்தலை. பிரிச்சேன், கொண்டுவந்தேன்.”

“இதுக்கு மூலம்?”

“அந்தக் கம்பெனி போன வாரமே மூடிடுத்து.”

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மற்ற மாணவர்களின் ஃபைல்களைக் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் அவற்றில் பழைய தேதிகள் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். எங்கே தவறு என்று புரிந்திருக்கும். கேட்கவில்லை. என் சொல்லுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தார்கள்.

மதுமதி எழுந்து நின்றாள். “மாமா, நீங்க சொல்லுங்க மாமா. நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, தேதியை ஃபைலே சுமக்கும்னு.”

நான் மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தில் இருந்தது. ஏசி அறையில் எதற்கு விசிறி என்று எழுந்துபோய் அணைத்தேன். திரும்பும்போது அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துவந்து வைத்தேன். அவள் குடிக்கவில்லை.

புகார் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். ஒலிப்பதிவு பின்னால் தயாரிக்கப்பட்டதாகக் கருத இடம் உள்ளது என்ற வரியையும் சேர்த்தார்கள். அந்த வரி எப்படியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. குரலைப் பொய்யாகச் செய்த பெண் என்று அவளைச் சொன்னார்கள். அவள் படத்தைப் போட்டார்கள். கதிரேசனைக் கடையில் பட்டுப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு அவரே நின்றுகொண்டார். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். அவள் ஒரு நகைக்கடன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பாடுவதில்லை. நீங்கள் அவளைப் போனில் அழைத்தபோது என்ன சொன்னாள் என்று நேற்று சொன்னீர்கள். “என்கிட்டத் தேதி கேட்டாங்க மேடம். அது இல்ல. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.” நீங்கள் அதைச் சொன்னபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நீங்கள் டீயை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மூட்டையை நான் அழிக்கவில்லை. தேதிகளை இத்தனை காலம் காத்தவனுக்கு அது மனம் வரவில்லை. ஒரு பென்டிரைவில் ஏற்றி, பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்திருந்தேன். சுலோச்சனாவின் முதல் வருஷத் திதி முடிந்த மறுநாள் வீடு ரொம்ப மௌனமாக இருந்தது. மதுமதி வெள்ளிக்கிழமைகளில் பதிவு செய்தாளே, அவையும் தானாகவே போய்ச் சேர்ந்திருக்குமே, சுலோச்சனாவின் குரல் எங்காவது கேட்குமே என்று தோன்றியது. மூட்டையைப் பிரித்தேன். கட்டத்தில் டிக் போட்டேன். வரிசையாக வந்து நின்றன, தத்தம் நாளோடு.

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. எல்லாம் வகுப்புப் பதிவுகள். கடைசியாக அந்தக் கல்யாணி. அதற்குப் பிறகு வகுப்பே இல்லை. அவள் அந்த நாளுக்குப் பிறகு சாரிடம் போகவே இல்லை. அதன் கீழே பெயரிடாத சில ஃபைல்கள். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றும் என் வீடு.

சார் அவளை அனுப்பவில்லை. அவரிடமிருந்து ஓடிவந்தவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

ஒவ்வொரு பதிவையும் கேட்டேன். பாட்டு, இருமல், பக்கத்து வீட்டுக் குக்கர். பாட்டு முடிந்ததும் அவள் போனை உடனே அணைப்பதில்லை. அதனால் பின்னால் பேசியதும் இருக்கிறது.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். க்ளாஸைப் பத்தி.”

“இப்போ வேண்டாம்மா. மாமி கண்ணசந்துட்டா. காபி ஆறிடும், குடி.”

இன்னொரு வெள்ளி.

“மாமா, அன்னிக்குச் சொல்ல வந்தேனே...”

“மழை வரும்போல இருக்கு. இந்தக் குடையை எடுத்துண்டு போ. பத்திரமாப் போ.”

அடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஆட்டோவுக்குச் சில்லறை, ஒரு ஆரஞ்சுப் பழம், அப்பாவை விசாரித்தது. என் குரல் எவ்வளவு பிரியமாக இருக்கிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன்.

ஒரு பதிவில் நான் பால் வாங்கப் போயிருக்கிறேன். சுலோச்சனா பேசுகிறாள். பேசவே முடியாத நாட்கள் அவை.

“என்னடி குழந்தே, குரல் நடுங்கறது? யாராவது ஏதாவது பண்ணிட்டாளா?”

மதுமதி அழுகிற சத்தம் கேட்கிறது. போர்வை அசைகிறது, சுலோச்சனா எழுந்து உட்கார முயன்றிருக்கிறாள்போலிருக்கிறது.

“எங்காத்து மாமாகிட்டச் சொல்லு. நல்ல மனுஷர். பார்த்துப்பார்.”

அந்த இடத்தை மட்டும் பல முறை கேட்டேன்.

ஆக, நான் பட்ட கடன் சாருக்கு அல்ல. அந்தப் பெண்ணுக்கு. ஆளை மாற்றி அடைத்துவிட்டேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூட்டை அலமாரியிலேயே இருந்தது. தினமும் அதன் முன்னால் விளக்கேற்றினேன். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று நீங்கள் கேட்டபோதுதான் வழி தெரிந்தது.

அந்த மூட்டை கிடைத்தால் மதுமதி சொன்னது உண்மை என்று நிரூபணமாகும், அனன்யாவின் புகாருக்கும் அது பெரிய துணை என்றீர்கள். சரிதான். ஆனால் அதை உங்களிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? பாளையங்கோட்டையில் ஒருவழியாக அடங்கிக் கிடக்கிற பெண்ணை மறுபடி இங்கே வரவழைப்பீர்கள். தெரியாத மனிதர்கள் நடுவில் அந்தக் கல்யாணியை மறுபடி ஓடவிடுவீர்கள். வெள்ளிக்கிழமைப் பதிவுகளையும் கேட்பீர்கள். சுலோச்சனாவின் இருமலை வக்கீல்கள் குறிப்பெடுப்பார்கள். என் குரலும் அதில் இருக்கிறது. அது ஒரு பொருட்டல்ல. இனிமே கூப்பிடாதீங்க என்று அவள்தான் சொல்லியிருக்கிறாளே. அவளை நிம்மதியாக இருக்க விடுவதைவிடப் பெரிய உதவி எது?

இன்று காலை குளித்துவிட்டு விளக்கேற்றினேன். பென்டிரைவை எடுத்து மூட்டையை அழித்தேன். கம்ப்யூட்டரில் பிரித்து வைத்திருந்ததையும் அழித்தேன். அழித்ததன்மேல் வேறு ஏதாவது நிரம்ப ஏற்றிவிட்டால் யாராலும் மீட்க முடியாது என்று ஃபராஸ் எப்போதோ சொல்லியிருந்தார். கோயில் ஸ்தோத்திர வகுப்புக்காக வைத்திருந்த பாராயணப் பதிவுகளை இடம் தீரும்வரை ஏற்றினேன். பழைய தேதிகள் அப்படியே வருமாறு டிக் போட்டுத்தான் ஏற்றினேன். முடியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை உட்கார்ந்து அவளுக்காக ஜபித்தேன். அனன்யாவுக்காகவும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: மூலம் இருந்தது. இன்று காலை வரை இருந்தது. இப்போது இல்லை. குழுவின் முன் வைத்த தேதிகளை அப்படி ஆக்கியவனும் நான்தான். இதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், சுவாமியைத் தவிர ஒரு சாட்சியும் இல்லாமல், மதுமதிக்கு நான் பட்ட கடனை இன்று அடைத்திருக்கிறேன். அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.